உங்களைக் கேட்காமல் செய்வேனா

மெம்பர் கதிரையில் உட்காருவதற்கு முன்னால், "உக்காரவா?" என்று கேட்பார். கதிரை அவருடையது, காரியாலயமும் அவருடையது. இருந்தாலும் எதிரே நிற்கிறவர், அவர் எவ்வளவு இல்லாதவராக இருந்தாலும், "உக்காருங்க மெம்பர்" என்று வாயைத் திறந்து சொல்லும்வரை கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருப்பார். முதல் தடவை வருகிறவர்கள் இதில் உருகிப்போவார்கள். தேயிலைத் தோட்டத்தில் தொரை முன்னால் நின்றே பழகிய சனம். தங்களிடம் ஒருவர் உட்கார அனுமதி கேட்பதை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

பதுளையில் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புடைவைக் கடையின் மாடியில் அந்தக் காரியாலயம் இருந்தது. நான் அங்கே ஒன்பது வருடம் தட்டச்சு செய்தேன். தமிழில் வருகிற முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதுவதும், சிங்களத்தில் வருகிற சுற்றறிக்கையைத் தமிழில் சொல்வதும் என் வேலை. அவர் அப்போது ஊவா மாகாண சபை உறுப்பினர். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. தோட்டங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. மெம்பர் என்றால் அவர்தான். பதவி போன பிறகும் மெம்பர்தான்.

அவர் கேட்காமல் செய்த காரியம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மின்விசிறியைப் போடவா என்று கேட்பார். பதுளை வெயிலில் எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருக்கும்போதும் கேட்பார். வீட்டில் சாப்பிடும்போது, "இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கவா?" என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மா ஒருநாள் என் முன்னாலேயே, "வேணாம்னு சொன்னா எந்திரிச்சிருவீங்களா?" என்று கேட்டார். மெம்பர் உண்மையாகவே கையை உதறிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சோற்றைப் போட்டார்.

கொஸ்லந்தைப் பக்கம் போவதென்றால், "எல்ல வழியா இறங்கி வெல்லவாய சுத்திப் போகவா, பண்டாரவளை, அப்புத்தளைன்னு மேலால போகவா?" என்று சாரதியைக் கேட்பார். ஒருநாள் சாரதி எல்ல வழியைச் சொன்னார். வழியில் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். வெறும் மைதானம், ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மெம்பர் ஏசவில்லை. "நீதானப்பா சொன்ன" என்று மட்டும் சொன்னார். "ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் தங்கச்சி" என்று சாரதி என்னிடம் பிறகு சொன்னார்.

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அந்தச் சாரதியின் இடத்துக்கு நானும் ஒருநாள் வரவேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கட்சிகளின் பெயரையும் எழுதப்போவதில்லை. மொத்தம் நான்கு. முதல் கட்சியில் அவர் ஒரு தோட்டத்தில் அந்தக் கட்சியின் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, பிரதேச சபைக்குப் போய், மாகாண சபைக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அவர் இரண்டாவது கட்சிக்குப் போனார். போவதற்கு முன் தோட்டம் தோட்டமாகக் கூட்டம் வைத்தார். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் முற்றத்தில் வைத்தார். கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். என் அம்மா அங்கே கொழுந்து பறித்தவர். எனவே நான் மெம்பருக்குப் பக்கத்தில் கொப்பியோடு நின்றபோது எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள்.

"எங்க கட்சியில இருந்து நமக்கு ரோடு வரல, தண்ணி வரல" என்றார் மெம்பர். "அந்தப் பக்கம் கூப்பிடுறாங்க. நான் போகவா, வேணாமா? நீங்க வேணாம்னா இந்த எடத்துலயே நின்னுக்கிறேன். உங்களைக் கேக்காம நான் ஒண்ணு செய்வேனா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கங்காணியாக இருந்து ஓய்வுபெற்ற கருப்பையா மாமா கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள். மெம்பர் குனிந்து என் காதருகே, "யார் மொதல்ல தூக்குனாங்கன்னு வரிசையா எழுதிக்க புள்ள" என்றார். நான் எழுதிக்கொண்டேன். நன்றி சொல்லத்தான் எழுதச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ரோடு வரவில்லை. ஒரு வருடம் கழித்து கருப்பையா மாமா பதுளைக்கே வந்து, வெற்றிலைக் காவியேறிய வாயோடு நன்றாக நான்கு வார்த்தை கேட்டார். மெம்பரோடு சேர்ந்து சங்கமும் மாறியதில் தோட்டத்தில் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை என்றும், பழைய சங்கத்துக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொன்னார். மெம்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கருப்பையாண்ணே, அன்னிக்கு மொதக் கை ஒங்க கைதானே?" என்றார். என் பக்கம் திரும்பி, "பாரு புள்ள, எழுதியிருக்கா?" என்றார்.

எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான். கருப்பையா மாமா அந்தக் கொப்பியைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "ஆமாங்க, நாந்தான்" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையையே மறந்தவராகப் படியிறங்கிப் போனார்.

இதைப் படிக்கிறவர்கள் அவரைச் சூழ்ச்சிக்காரர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நானும் பல தடவை முடிவுகட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த முதல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, அவர் கட்சி மாறிவிட்டார் என்ற அறிக்கையைப் பத்திரிகைகளுக்குத் தட்டச்சு செய்து அனுப்பியவள் நான். அதனால் அவரிடமே கேட்டேன்.

"ஐயா, அறிக்கையெல்லாம் குடுத்தாச்சே. அப்பறம் எதுக்கு கூட்டம்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பைத்தியக்காரக் கேள்வி கேட்டுவிட்டேன் என்பதுபோல. "கேக்காம எப்படி புள்ள செய்யிறது?" என்றார். அதில் நடிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு பயணத்தில் அவராகவே காரணத்தைச் சொன்னார். பண்டாரவளை ஸ்டேசனைத் தாண்டும்போது வாகனத்தை நிறுத்தவா என்று சாரதியைக் கேட்டு, நிறுத்தி, இறங்காமல் உள்ளே இருந்தபடியே ஸ்டேசனைப் பார்த்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு அவருடைய அக்காவை அந்த ஸ்டேசனில்தான் கோச்சி ஏற்றினார்களாம். அக்காவுக்குப் பதினேழு வயது. கல்யாணமாகி நாற்பது நாள்.

"மாமனாரு ஃபாரம் நெரப்பிட்டாரு. அக்கா போறியான்னு யாரும் ஒரு வார்த்த கேக்கல. எங்கப்பா கேக்கல, மாமா கேக்கல, கவர்மெண்டு கேக்கல. கோச்சி கெளம்பும்போது அது என்னயப் பாத்து, 'தம்பி நான் போகவா'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்ல முடியும் புள்ள, எனக்கு ஒம்பது வயசு."

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து மூன்று கடிதம் வந்ததாம். நான்காவது வரவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஒரு மனிதனின் பழக்கம் எங்கே முளைத்தது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பழக்கம் நமக்குச் செய்கிற கெடுதலை மன்னித்துவிடத் தோன்றுகிறது. அது எவ்வளவு தப்பு என்று மூன்றாவது கட்சி வந்தபோது தெரிந்தது.

மூன்றாவது கட்சி வீடு தருவதாகச் சொன்னது. எங்கள் லயத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. மலையைக் குடைந்த பள்ளத்தில் இருந்த குடும்பத்துக்கு ஒரு அறையாக இருபது காம்பரா வரிசையாகச் சேர்ந்த லயம் அது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் பின்சுவர் முழுக்க வெடித்திருந்தது. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து அளந்து பார்த்துவிட்டு, மண்சரிவு அபாயம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பலகை நட்டது மட்டும்தான். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. லயத்தைவிட்டால் தோட்டத்துச் சனத்துக்குப் போக ஏது இடம்? மழை வலுத்தால் பாடசாலையில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். விட்டதும் திரும்பி வருவார்கள்.

எங்கள் காம்பராவும் சரோஜா அக்காவின் காம்பராவும் லயத்தின் கடைசியில் அடுத்தடுத்து இருந்தவை. இரண்டுக்கும் ஒரே நடுச்சுவர். பின்சுவரில் தொடங்கிய வெடிப்பு அந்தச் சுவரில்தான் பெரிதாக இருந்தது. சரோஜா அக்கா அந்தப் பக்கம் விளக்கைப் போட்டால் எங்கள் பக்கம் வெளிச்சம் தெரியும். அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருந்தார். நான் பதுளையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பது சரோஜா அக்காதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குத் தலைசீவிப் பாடசாலைக்கு அனுப்பியதும் அந்த அக்காதான். அம்மா அதிகாலையிலேயே வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போய்விடுவார்.

மெம்பர் வழக்கம்போலக் கூட்டம் வைத்தார். "லயத்துலயே இருப்பமா, வீட்டுக்குப் போவமா? நீங்க சொல்லுங்க, நான் மாறுறேன்" என்றார். இந்த முறை யாரும் தயங்கவில்லை. எல்லாக் கையும் ஒன்றாக எழுந்தது. எல்லோரும் புதிய சங்கத்துக்கு ஃபாரம் நிரப்பிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். சரோஜா அக்காவின் புருசன் ராசு அண்ணன் மட்டும் கொடுக்கவில்லை. கோபமோ கொள்கையோ ஒன்றுமில்லை. அந்த வாரம் அவர் வெலிமடையில் உருளைக்கிழங்கு கிண்டுகிற வேலைக்குப் போயிருந்தார். வந்த பிறகு நிரப்பலாம் என்றிருந்தவர், மறந்துபோனார்.

வந்தது பதினான்கு வீடு. குடும்பம் இருபது. மிச்சம் ஆறும் இரண்டாம் கட்டத்தில் என்றார்கள். யாருக்கு முதலில் என்பதையும் மெம்பர் லயத்துச் சனத்திடமே கேட்டார். அவர்கள் கூடிப் பேசி, மாரியம்மன் முன்னால் சீட்டுப் போடுவது என்று முடிவுசெய்தார்கள். எங்கள் தோட்டத்தில் தீராத வழக்கெல்லாம் அப்படித்தான் தீரும். சாமி சீட்டு விழுந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. பூசாரி இருபது பெயரையும் சுருட்டிச் செம்பில் போட்டு, கற்பூரம் காட்டி, பதினான்கை எடுத்தார். சரோஜா அக்காவின் வீட்டுப் பெயர் ஒன்பதாவதாக வந்தது. அம்மாவின் பெயர் வரவில்லை.

சரோஜா அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். "சின்னம்மா, எங்க வீடு ஒங்க வீடு. மழ வந்தா நேரா அங்க வந்துருங்க" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். காம்பராவுக்குத் திரும்பியதும் நடுச்சுவரின் வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தார். நான்கு விரலும் உள்ளே போனது. பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார்.

சீட்டுப் போட்டது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மெம்பர் அந்தப் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தட்டச்சு செய்து, அவர் கையெழுத்து வைத்து, அன்றைக்கே அனுப்பவேண்டும். காரியாலயத்தில் வேறு யாருமில்லை.

"அம்மா பேரு இல்லையே புள்ள" என்றார்.

"இல்லீங்க ஐயா."

"போடவா?"

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாயால சொல்லணும் புள்ள. நீ சொல்லாம நான் எப்படிப் போடுறது?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கீழே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் நான்கு விரலும் எனக்கு ஞாபகம் வந்தது.

"போடுங்க" என்றேன்.

"பதினாலு வீடுதானே. ஒரு பேர எடுக்கணும். யார எடுக்கட்டும்?"

"நீங்களே பாத்து..."

"உன்னக் கேக்காம எடுப்பேனா?"

பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தேன். ஒவ்வொரு பெயரும் ஒரு வாசல், ஒரு அடுப்பு, எனக்குத் தெரிந்த முகங்கள். எனக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. யாராவது கேட்டால் சொல்லக்கூடிய நியாயம். ஒன்பதாவது பெயரில் அது கிடைத்தது.

"ராசு அண்ணன் இன்னும் சங்கத்து ஃபாரம் குடுக்கலீங்க" என்றேன்.

அந்தப் பெயரை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, இருந்த தகவலைத்தான் சொன்னேன் என்று என்னையே நான் கொஞ்சகாலம் ஏமாற்றிப் பார்த்தேன். அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை. "அப்ப அத எடுக்கவா?" என்று கேட்டார். "எடுங்க" என்றேன். எடுத்ததும் என் விரல்தான், தட்டச்சு செய்தவள் நானல்லவா. மெம்பர் கையெழுத்து வைத்தார். பிறகு, "தேத்தண்ணி சொல்லவா?" என்று கேட்டார். கொப்பியில் எழுதிக்கொள் என்று அந்தத் தடவை சொல்லவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

அவர் எனக்கு நல்லது செய்தாரா, என்னைக் கட்டிப்போட்டாரா? தன் இஷ்டத்துக்கு ஒரு பெயரை வெட்டி அம்மாவின் பெயரைப் போட்டிருந்தால் நான் அவருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு, இரவில் தூங்கியிருப்பேன். அப்படி ஒரு தயவை அவரால் செய்ய முடியாது. ஆளைக் கேட்டுத்தான் செய்வார்.

பட்டியல் கோயில் சுவரில் ஒட்டப்பட்டபோது, மேலிடத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று கதை பரவியது. அம்மா, ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று நம்பினார். நான் மறுக்கவில்லை. சாமி சீட்டை மாற்றிவிட்டார்களே என்று லயமே மெம்பரைத் திட்டியது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அவரும் திருப்பிவிடவில்லை.

சரோஜா அக்கா பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தார். நல்ல சேலை உடுத்து, ராசு அண்ணனின் சங்க ஃபாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். யாரோ அதுதான் காரணமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தங்கச்சி, இத மெம்பர் கையில குடுத்துட்டா பேரு மறுபடியும் வருமா?"

"கூட்டத்துல இருக்காருக்கா" என்றேன். மெம்பர் உள்ளறையில்தான் இருந்தார். "நான் குடுத்துர்றேன், நீங்க போங்க."

"பரவால்ல, இருந்து பாத்துட்டுப் போறேன்."

கொஸ்லந்தைக்குக் கடைசி பஸ் போகிற நேரம்வரைக்கும் வெளியறையில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். "ஒனக்கு எதுக்கு சிரமம்" என்றார். போகும்போது என் தலையைத் தடவி, "சின்னம்மாவுக்காவது கெடச்சுச்சே, அது போதும்" என்றார். அவர் படியிறங்கும்வரை காத்திருந்த மெம்பர் கதவைத் திறந்து, "நான் வெளிய வரவா?" என்று கேட்டார். அந்த மனிதரை அன்றைக்குக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேலையைவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன்.

"போகவான்னு நீ கேக்குற" என்றார். "போன்னு நான் சொல்லிட்டா ஒன்னத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும். நீயே யோசிச்சுச் சொல்லு." பிறகு அதே குரலில், "அம்மா புது வீட்டுல சௌரியமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அது மிரட்டலா, அக்கறையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. நான் போகவில்லை. மாகாண சபையின் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் நடக்காமலே இழுபட்டு, காரியாலயத்தை மூடும்வரை அங்கேயே இருந்தேன். மூடுகிற அன்றும், "மூடவா?" என்று கேட்டார். "மூடுங்க ஐயா" என்றேன். அந்த ஒன்பது வருடத்தில் நான் மனதாரச் சொன்ன ஒரே சம்மதம் அதுதான்.

பிறகு நான் பண்டாரவளையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போவேன். இரண்டாம் கட்டம் வரவேயில்லை. சரோஜா அக்கா உட்பட ஆறு குடும்பம் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறது. சிவப்பு எழுத்துப் பலகை வெளுத்துப்போய், புதிதாக வேறு பலகை நட்டிருக்கிறார்கள்.

மெம்பரைக் கடைசியாகப் பார்த்தது பிரதேச சபைத் தேர்தல் சமயத்தில். நான்காவது கட்சி. மாகாண சபையில் இருந்தவர், ஆரம்பித்த இடத்துக்கே இறங்கி வந்து வாக்குக் கேட்டார். வாகனமுமில்லை, சாரதியுமில்லை. ஓட்டோ ஒன்றில் வந்து இறங்கினார். உடம்பு பாதியாகியிருந்தது. புது வீடுகளுக்கு முன்னால் இருபது பேர்போலக் கூடினார்கள். நான் அம்மாவின் வாசலில் நின்றேன்.

"நிக்கவான்னு கேக்கத்தான் வந்தேன்" என்று தொடங்கினார்.

சரோஜா அக்கா முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை. "எப்பயும் நீங்கதான் கேப்பீங்க மெம்பர். இன்னிக்கு நான் ஒண்ணு கேக்கவா?" என்றார்.

"கேளும்மா."

"சாமி முன்னாடி ஒம்பதாவதா என் வீட்டுப் பேரு வந்துச்சு. அத வெட்டச் சொன்னது யாரு? மேலிடம் கீழிடம்னு சொல்லாதீங்க. நீங்க யாரையாச்சும் கேக்காம வெட்டியிருக்க மாட்டீங்க. யாரக் கேட்டீங்க?"

இத்தனை வருடத்தில் அவரை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் சரோஜா அக்கா ஒருவர்தான். மெம்பர் கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. ஒன்பது வருடம் பழகியவளுக்கு அந்தப் பார்வை தெரியும். சொல்லவா என்று கேட்கிறார்.

பக்கத்தில் அம்மா இருந்தார். நான் தலையை அசைத்தேன். வேண்டாம்.

வாயால் சொல்லு என்று அவர் நிற்கவில்லை. பார்வையை எடுத்து சரோஜா அக்காவிடம் திருப்பினார்.

"யாரையும் கேக்கலம்மா" என்றார். "நானாத்தான் வெட்டினேன். தப்புத்தான்."

சரோஜா அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனார். கூட்டம் முடிந்துபோனது. யாரோ அவரை ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள். தேர்தலில் அவருக்கு எங்கள் தோட்டத்தில் விழுந்த வாக்கை விரல்விட்டு எண்ணலாம். அதில் என்னுடையது இல்லை. என் வாக்கு பண்டாரவளையில். இருந்திருந்தால் போட்டிருப்பேனா என்று தெரியாது.

போன ஐப்பசி மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். செய்தி எனக்கு ஒரு சனிக்கிழமை பகலில் வந்தது. மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்ததால் நான் அம்மாவோடு இருக்க வந்திருந்தேன். சரோஜா அக்காவும் ராசு அண்ணனும் பாயும் துணி மூட்டையுமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். மழை வலுத்தால் அவர்கள் வருவது இங்கேதான். அம்மா அவர்களுக்கென்றே முன்னறையைக் காலி செய்து வைப்பார்.

விசயத்தைச் சொன்னேன். ராசு அண்ணன், "போய்ச் சேந்தாரா" என்றார். அம்மா, "பாவம்" என்றார். சரோஜா அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சாவு வீட்டுக்கு நீ போவியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"போகணும்க்கா."

"நானும் வர்றேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எத்தன வருசம் அந்தாளத் திட்டியிருப்பேன்" என்றார். "ஆனா அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நாந்தான், தப்புத்தான்னு ஒத்துக்கிட்டாரு பாரு. அதோட எனக்கு விட்டுப்போச்சு. வீடு போனது கூடப் பெருசில்ல தங்கச்சி. யார் செஞ்சாங்கன்னு தெரியாம இருந்ததுதான் பெரிய கொடும. பாக்குற ஆளையெல்லாம் இவனா இருக்குமோ, இவளா இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே இருக்கணும். மனுசன் வாயத் தொறந்து சொன்னாரு, நான் மன்னிச்சிட்டேன். அம்புட்டுத்தான்."

வெளியே மழை. லயத்துப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் மன்னித்தும் விடுவார். அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் ஒரு தடவை மன்னித்து முடித்துவிட்டார். அவர் நிம்மதியாக இருக்கிறார். அதைப் பிடுங்கி எடுத்தால்தான் அந்த மன்னிப்பில் எனக்குப் பங்கு கிடைக்கும்.

"காலையில மொத பஸ்ஸுக்கே போயிருவமா?" என்று சரோஜா அக்கா கேட்டார்.

"போகலாம்க்கா" என்றேன்.